நரம்புறை வழியே பரவிய தோற்புற்று: மலையகத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

தோலின் மேற்பரப்பிலுள்ள தட்டையான கலங்களில் தோன்றும் செதிட்கலப் புற்று பெரும்பாலும் கத்தியோடு முடிந்துவிடும் நோய். முழுமையாக வெட்டியெடுக்கப்பட்ட பிறகு பெரும்பான்மையான நோயாளிகளுக்கு அது திரும்புவதில்லை. இந்தப் பொது விதிக்குப் புறம்பாக நடந்துகொள்ளும் சிறுபான்மையில், கட்டிக் கலங்கள் நரம்பின் உறைக்குள் நுழைந்துவிட்ட நிகழ்வுகள் முக்கிய இடம் பெறுகின்றன. இதுவரை வெளியான ஆய்வுகளில் இவற்றின் வீதம் ஏறத்தாழ 2.5 முதல் 14 சதவீதம் வரை வேறுபடுகிறது. இவ்வளவு அகன்ற வேறுபாட்டுக்கு நோயின் இயல்பும் நோயாளர் தெரிவும் ஓரளவுக்கே காரணம்; நரம்பைத் தேடிப் பார்த்தார்களா, எந்தச் சாயத்தின் துணையோடு பார்த்தார்கள் என்பதும் அந்த எண்ணைத் தீர்மானிக்கிறது என்பதே எமது எண்ணம்.

நரம்புப் பரவலின் மூலக்கூற்றுக் குறிகாட்டிகள் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் நிறைய எழுதப்பட்டுள்ளது. அவற்றுள் எவை இன்று ஒரு நோயாளியின் சிகிச்சையை மாற்றவல்லவை, எவை இன்னும் ஆய்வுகூடத்தைத் தாண்டாதவை என்பதை ஒரே நோயாளியின் இழையத்தை முன்வைத்துப் பார்ப்பது இவ்வாய்வின் நோக்கம். நோயாளியை இனங்காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

நோயாளி

நுவரெலியா மாவட்டத்தின் தேயிலைத் தோட்டமொன்றில் பதினெட்டு வயதிலிருந்து கொழுந்து பறித்துவந்த 47 வயதுப் பெண் இவர். பிறப்பிலேயே தோலிலும் முடியிலும் கண்ணிலும் நிறமியின்றிப் பிறந்தவர். பார்வைக் குறைவும் கண்மணிகளின் இடைவிடாத அசைவும் சிறுவயது முதலே உண்டு. சகோதரர் ஒருவருக்கும் இதே நிலை இருக்கிறது. பெற்றோர் இருவரிடமிருந்தும் பின்னடைவான மரபணு வந்து சேரும்போது உண்டாகும் நிலை இது என்பதால், அதில் வியப்பில்லை.

இலங்கையில் தோற்புற்று அரிதென்ற எண்ணம் மருத்துவர்களிடையேயும் உண்டு. கருந்தோலருக்கு அது பெரிதும் பொருந்தும்; அவர்களிடம் செதிட்கலப் புற்று வரும்போது பழைய தீக்காய வடுவிலோ ஆறாத கால்புண்ணிலோதான் அடிக்கடி வருகிறது. நிறமியற்ற தோலுக்கு அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. இந்நாடு புவிமத்திய கோட்டிலிருந்து ஏழு பாகை தொலைவிலேயே உள்ளது. நுவரெலியா நகரமோ கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏற்றத்துக்கும் புறவூதாக் கதிரின் செறிவு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. குளிர் காற்றில் தோல் சுடுவது தெரிவதில்லை. மூட்டம் போட்டிருந்தாலும் புறவூதாக் கதிரின் கணிசமான பங்கு அதனூடே இறங்கிவிடுகிறது. தலையில் முக்காடும் இடுப்பில் படங்குமாக மலையில் நிற்கும் பெண்ணுக்கு உடம்பெல்லாம் மூடியிருக்கும், முகம் மட்டும் மூடியிராது.

எம்மிடம் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் இவரது இடது கன்னத்தில் 1.8 சென்ரிமீற்றர் அளவில் பொருக்குத் தட்டிய கட்டியொன்று தோன்றி, வேறொரு மருத்துவமனையில் வெட்டியெடுக்கப்பட்டது. இழையப் பரிசோதனை அறிக்கை நான்கு வரிகளில் முடிந்திருந்தது: நடுத்தர வேறுபாடுடைய செதிட்கலப் புற்று, பக்க ஓரங்களில் கட்டியில்லை, ஆழ ஓரத்துக்கு 1.5 மில்லிமீற்றர் இடைவெளி உண்டு. கட்டி முழுமையாக அகற்றப்பட்டுள்ளது. நரம்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. நரம்பு பார்க்கப்பட்டுக் கட்டியில்லை என முடிவானதா, அல்லது பார்க்கப்படவே இல்லையா என்பதை அந்த மௌனத்திலிருந்து எவராலும் சொல்ல முடியாது. அறிக்கையைக் கேட்டு அனுப்பப்பட்ட படிவத்திலும் கட்டி இருந்த இடத்தைத் தவிர வேறு தகவல் எழுதப்பட்டிருக்கவில்லை.

பதினாறு மாதங்கள் கழித்து அறிகுறிகள் தொடங்கின. முதலில் கன்னத்தில் ஏதோ ஊர்வது போன்ற உணர்வு. பின் மேலுதட்டின் இடப்பாதியில் மரப்பு. அதன்பின் மேல்வரிசைப் பற்களில் இரவில் கூடும் வலி. பல் சிகிச்சை நிலையமொன்றில் மேற்கடைவாய்ப் பல்லொன்று பிடுங்கப்பட்டது. வலி அப்படியே இருந்தது. தோட்டத்து மருந்தகத்தில் நரம்புத் தளர்ச்சி என்று விற்றமின் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன.

"எறும்பு ஊர்ற மாதிரியே இருக்குதுங்க டொக்டர். தட்டி விடுறேன், ஒண்ணும் இல்ல. தொட்டுப் பாத்தா அது என் கன்னம் மாதிரியே தெரியலைங்க" என்று அவர் எம்மிடம் சொன்னார். புற்று வெட்டப்பட்ட முகத்தில் எறும்பு ஊர்வதாக ஒருவர் சொன்னால், மாறாக நிறுவப்படும் வரை அதை நரம்புப் பரவலாகவே கொள்ள வேண்டும்.

பரிசோதனையும் படிமமும்

வடு மென்மையாக ஆறியிருந்தது. தோலில் கட்டியோ புண்ணோ இல்லை. கழுத்து நிணநீர்க்கணுக்கள் தட்டுப்படவில்லை. இப்படி வெளியே எதுவும் தெரியாதிருப்பது இந்நோயின் வழக்கமான ஏமாற்று. பஞ்சுத் துணுக்கால் தொட்டபோது இடது கீழிமை, மூக்கின் பக்கம், மேலுதடு ஆகிய மூன்றிலும் தொடுகை மங்கியிருந்தது. நெற்றியிலும் தாடையிலும் உணர்வு இயல்பாக இருந்தது. விழிவெண்படலத் தெறிவினை இரு கண்களிலும் சமம். கடிக்கும் தசைகளிலும் முகத்தசைகளிலும் பலவீனம் இல்லை. ஐந்தாம் மண்டை நரம்பின் இரண்டாம் கிளை மட்டும், அதுவும் கட்குழிக்குக் கீழே முகத்துக்கு வெளிவரும் பகுதி மட்டும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்பது இந்த எளிய பரிசோதனையிலேயே தெளிவாயிற்று.

கொழுப்பின் ஒளிர்வை அடக்கி, கடோலினியம் என்னும் ஒளிர்வூட்டும் மருந்தை ஏற்றி எடுக்கப்பட்ட எம்.ஆர்.ஐ. படிமத்தில், கட்குழிக்கீழ் நரம்பு அதன் எலும்புக் கால்வாயின் முன்பாதியில் தடித்து ஒளிர்ந்தது. மேல்தாடை எலும்பின் பின்னுள்ள சிறு பள்ளத்தில் கொழுப்பு கலையாமல் இருந்தது. மண்டையோட்டின் அடியிலுள்ள வட்டத் துவாரமும், அதற்கு உட்புறமாக உள்ள நாளக் குழியான கவேனஸ் சைனஸும் இயல்பாக இருந்தன. மண்டையோட்டுத் துவாரத்தை அடையாத இத்தகைய பரவல் முதல் வலயம் எனப்படும். துவாரத்திலிருந்து நரம்புத் திரட்டு வரை இரண்டாம் வலயம். அதற்கப்பால் மூன்றாம் வலயம். முதல் வலயத்தில் பிடிபட்ட நோயாளிக்கு அறுவையால் குணமடையும் வாய்ப்பு இன்னும் திறந்தே இருக்கிறது.

பழைய இழையத்தின் மறு ஆய்வு

முதல் அறுவையில் எடுத்த இழையத்தை மெழுகில் பதித்த பரஃபின் கட்டிகள் பாதுகாக்கப்பட்டிருந்தன. அவற்றை வரவழைத்து, ஆழ ஓரத்தை உள்ளடக்கிய இரண்டு பரஃபின் கட்டிகளிலிருந்து அடுத்தடுத்த மட்டங்களில் புதிய சீவல்களை வெட்டுவித்தோம். முதல் அறிக்கைக்கு அடிப்படையான ஸ்லைட்களில் நரம்புப் பரவல் உண்மையிலேயே தெரியவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நான்காவது மட்டத்தில், தோலடிக் கொழுப்புக்குள், கட்டியின் முனைக்கு அப்பால் தனித்து ஓடிய ஒரு நரம்பின் குறுக்குவெட்டு தோன்றியது. அதன் விட்டம் 0.16 மில்லிமீற்றர். அலையலையாக ஓடும் நரம்பு நார்களின் ஒரு பக்கத்தை, கருக்கள் கறுத்த ஐந்தாறு அடுக்குக் கலங்கள் பிறை வடிவில் அணைத்திருந்தன. அவற்றைச் சூழ நிணக்கலங்கள் மெல்லிய வளையமாகத் திரண்டிருந்தன. சாதாரணச் சாயத்தில் இக்காட்சியைக் கடந்து போவது எளிது. நிணக்கலங்களால் மூடப்பட்ட நரம்பை வெறும் அழற்சி என்று எண்ணவும் கூடும். ஆனால் கட்டி இருந்த இடத்தில் நரம்பைச் சுற்றி நிணக்கலத் திரள் கண்ணில் பட்டால், அந்தப் பரஃபின் கட்டியை இன்னும் ஆழமாக வெட்டிப் பார்ப்பது எமது வழக்கம்.

அதே மட்டத்தின் அடுத்த சீவலுக்கு இரட்டைச் சாயமிட்டோம்: நரம்பு நார்களைச் சூழ்ந்துள்ள சுவான் கலங்களுக்கு எஸ்-100, கட்டிக் கலங்களுக்கு ஏஇ1/ஏஇ3 என்னும் கெரட்டின் பிறபொருளெதிரி. சிவந்த நரம்பும் அதன் உறைக்குள்ளேயே பழுப்பாகப் படிந்த கட்டியும் ஐயத்துக்கிடமின்றித் தெரிந்தன. நரம்பின் சுற்றளவில் பாதிக்கு மேல் கட்டியால் சூழப்பட்டிருந்தது. 2009 இல் முன்வைக்கப்பட்டுப் பரவலாக ஏற்கப்பட்ட வரைவிலக்கணத்தின்படி, நரம்பின் மூன்று உறைகளில் ஏதேனுமொன்றினுள் கட்டிக் கலங்கள் இருந்தாலோ, அல்லது சுற்றளவில் குறைந்தது மூன்றிலொரு பங்கைக் கட்டி அணைத்திருந்தாலோ அது நரம்புப் பரவல் ஆகும். முந்தைய அறுவையொன்றின் பின் நரம்புறை தானாகப் பெருகிப் புற்றுப்போலத் தோற்றமளிக்கும் போலிக்காட்சி ஒன்றுண்டு. இவருக்கு இதற்கு முன் அவ்விடத்தில் ஊசியோ கத்தியோ படவில்லை, கலங்களும் கெரட்டினுக்குச் சாயமேற்றின என்பதால் அது விலக்கப்பட்டது. கட்டி சூழ்ந்த அந்த நரம்பு ஆழ ஓரத்திலிருந்து 0.4 மில்லிமீற்றர் தொலைவில் இருந்தது. 1.5 மில்லிமீற்றர் என்று எழுதப்பட்ட இடைவெளி கட்டியின் முக்கிய திணிவுக்கு உரியது.

இன்னொரு ஐயத்தையும் தீர்க்க வேண்டியிருந்தது. நரம்பை நாடிச் செல்வதில் முன்னணியில் நிற்பது, நிறமிக்கலங்களில் தோன்றும் புற்றான மெலனோமாவின் இழைமலிந்த வகை. நிறமியற்ற தோலில் வரும் மெலனோமா நிறமின்றியே இருக்கும். கதிர்வடிவக் கலங்களாலான அத்தகைய கட்டி செதிட்கலப் புற்றென்று தவறாக இனங்காணப்பட்டால் சிகிச்சை முழுவதும் திசைமாறிப் போகும். எமது நோயாளியின் கட்டிக் கலங்கள் செதிட்கலங்களைக் காட்டும் பி40 இற்கும் கெரட்டினுக்கும் சாயமேற்றின. மெலனோமாவைக் காட்டும் சொக்ஸ்-10, எஸ்-100 இரண்டுக்கும் ஏற்றவில்லை. நிறமியற்ற தோலுடைய ஒருவரின் நரம்புப் பரவலில் இந்தச் சோடிச் சாயங்களை விட்டுவைப்பது எமது கருத்தில் ஏற்கத்தக்கதல்ல.

இதனால் நோயின் படிநிலை மாறியது. 1.8 சென்ரிமீற்றர் விட்டம் மட்டும் கணக்கில் வந்தபோது அது புற்றுநோய்க்கான அமெரிக்க கூட்டுக்குழு தலை, கழுத்துப் பகுதிக்கு வகுத்த படிநிலைப் பகுப்பின் எட்டாம் பதிப்பில் மிகத் தாழ்ந்த ஊடுருவும் படியான ரி1. அதே பதிப்பு, உட்தோலுக்குக் கீழே ஓடும் நரம்பின் உறைக்குள்ளோ, 0.1 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுடைய நரம்பிலோ பரவல் இருந்தால் ரி3 என்கிறது. ஆகவே ஒரேயொரு நரம்பு இரண்டு படிகளைத் தாண்டச் செய்கிறது. பொஸ்டனின் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையின் பகுப்பு இதைச் சற்று மென்மையாக நோக்குகிறது: அங்கே 0.1 மில்லிமீற்றர் நரம்பு நான்கு ஆபத்துக் காரணிகளில் ஒன்று மட்டுமே, ஆகவே இக்கட்டி ரி2ஏ. இரண்டு பகுப்புகளும் உடன்படாத இடத்தில், கட்டிக்கு வெளியே தனித்து ஓடும் நரம்பு என்பதை நாம் கூடுதல் எடையுடன் கருதினோம். பின்னர் தோன்றிய அறிகுறி அதை உறுதிப்படுத்தியது.

மூலக்கூற்றுக் குறிகாட்டிகள்

கீழுதட்டுப் புற்று தாடை நரம்பு வழியே சென்றதை ஜேர்மனியில் நொய்மான் 1862 இல் விவரித்தார். அதன்பின் நெடுங்காலம் நரம்பைச் சுற்றி நிணக்குழாய்கள் உண்டு, புற்று அவற்றில் வழிந்தோடுகிறது என்று நம்பப்பட்டது. அப்படிப்பட்ட நிணக்குழாய்கள் நரம்புறைக்குள் இல்லையென்று 1960களில் காட்டப்பட்டது. இன்றைய விளக்கம் இதற்கு நேர்மாறானது: நரம்பு வெறும் வழியல்ல, அழைப்பு விடுக்கும் தரப்பும் அதுவே.

நரம்பும் அதன் சுவான் கலங்களும் தமது பராமரிப்புக்காக வளர்ச்சிக் காரணிகளைச் சுரக்கின்றன. நரம்பு வளர்ச்சிக் காரணியான என்ஜிஎஃப், கலத்தின் மேற்பரப்பில் சமிக்ஞையைப் பெறும் புரதமான ட்ரக்-ஏ என்னும் வாங்கியிலும் பி75 என்னும் தாழ்நாட்ட வாங்கியிலும் பிணைகிறது. ஜிடிஎன்எஃப் என்னும் காரணி, துணைவாங்கியொன்றின் உதவியோடு ரெட் வாங்கியை ஏவுகிறது. இவ்வாங்கிகளைத் தாங்கிய புற்றுக்கலம், செறிவு கூடிய திசையை, அதாவது நரம்பை நோக்கி நகர்கிறது. அதற்கப்பாலும் சுவான் கலங்களுக்குப் பங்குண்டு. காயமுற்ற நரம்பில் நடப்பதைப் போலவே அவை முதிர்ச்சி நிலையிலிருந்து பின்வாங்கி, புற்றுக்கலங்களைத் தொட்டு, கூட்டத்திலிருந்து பிரித்து, நரம்பின் பக்கம் இழுக்கின்றன என்று 2016 இல் நியூயோர்க் ஆய்வாளர்கள் காட்டினர். அந்தத் தொடுகைக்கு என்காம் எனப்படும் நரம்புக்கல ஒட்டுப் புரதம் தேவைப்படுகிறது. அவர்களின் சோதனைகள் பெரிதும் கணையப் புற்றுக்கலங்களில் நடந்தவை. தோலுக்கு அப்படியே பெயர்த்துவிட முடியாது. ஆனாலும் நுணுக்குக்காட்டியில் நாம் காணும் பிறைக்கு அது பொருத்தமான விளக்கமாகவே தோன்றுகிறது.

எமது நோயாளியின் இழையத்தில் பி75, என்காம், கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் பி53 புரதம் ஆகிய மூன்றையும் பார்த்தோம். மூன்றின் பயனும் மூன்று விதமானது.

பி75 ஐ நாம் பயன்படுத்தியது நரம்பைக் கண்டுபிடிக்க. கட்டியால் நசுங்கிச் சிதைந்த சிறு நரம்புகளையும் இச்சாயம் எடுத்துக்காட்டுகிறது. சாதாரணச் சாயத்தோடு ஒப்பிடுகையில் தோற்புற்றில் நரம்புப் பரவல் கண்டறியப்படும் வீதம் இதனால் உயர்வதாக 2006 லேயே ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. எமது சீவல்களில் இரட்டைச் சாயம் காட்டிய நரம்போடு, 0.05 மில்லிமீற்றர் அளவிலான மேலும் இரண்டு பாதிக்கப்பட்ட நரம்பிழைகளை அது காட்டியது. ஓர் எச்சரிக்கை வேண்டும்: மேற்றோலின் அடிக்கலங்களும் மயிர்ப்பையின் வெளியுறையும் இதே சாயத்தை ஏற்கக்கூடும், இழைமலிந்த மெலனோமாவும் ஏற்கும். கெரட்டின் சாயத்தைத் துணைக்கு வைக்காமல் பி75 ஐ மட்டும் நம்பக்கூடாது.

என்காம் எமக்கு உதவவில்லை. நரம்பு தானே அச்சாயத்தைப் பலமாக ஏற்கிறது. அதை ஒட்டிய கட்டிக் கலங்களில் காணும் மங்கலான படிவு கலத்துக்குரியதா, பக்கத்து நரம்பின் நிழலா என்று பிரித்துச் சொல்ல எம்மால் இயலவில்லை. வெளியான ஆய்வுகளும் தமக்குள் முரண்படுகின்றன: சில, பரவலோடு தொடர்பைக் காண்கின்றன, சில காணவில்லை. சாயத்தின் தரம், எல்லைக்கோடு, எந்த உறுப்பின் புற்று என்பன ஆய்வுக்கு ஆய்வு மாறும்போது இது எதிர்பார்க்கத்தக்கதே.

பி53 கட்டி முழுவதும் பலமாகச் சாயமேற்றியது. தோலின் செதிட்கலப் புற்றில் பி53 ஐ உருவாக்கும் டிபி53 மரபணுவின் விகாரம் மிகப் பொதுவானது. புறவூதாக் கதிர் விட்டுச் செல்லும் குறிப்பிட்ட தடமும் அதில் காணப்படும். நரம்பு வழியே பரவிய தோற்புற்றுகளின் மரபணு வெளிப்பாட்டை ஆராய்ந்து, அப்பரவலில் பி53 பாதைக்குப் பங்கிருப்பதாக பிரிஸ்பேன் குழுவொன்று 2016 இல் எழுதியது. வெயிலும் வெளுத்த தோலும் சேர்ந்த குவீன்ஸ்லாந்து இந்நோயை நெருக்கமாக அறிந்த இடம். ஆயினும் ஏறக்குறைய எல்லாக் கட்டிகளிலும் கெட்டிருக்கும் ஒரு மரபணு, எந்தக் கட்டி நரம்பில் நுழையும் என்பதை ஒரு நோயாளியில் முன்னறிவிக்க முடியாது.

ட்ரக்-ஏ, ரெட் ஆகியவற்றை நாம் பார்க்கவில்லை, அதற்குக் காரணமுண்டு. 2018 இல் அனுமதி பெற்ற லாரோட்ரெக்டினிப் போன்ற மருந்துகளின் பெயரைக் கேட்டு, ட்ரக் சாயம் ஏற்றினால் அம்மருந்து பயன்படுமா என்று இளம் மருத்துவர்கள் கேட்பதுண்டு. அம்மருந்துகள், ட்ரக் வாங்கிகளை உருவாக்கும் என்டிஆர்கே மரபணு வேறொரு மரபணுவோடு இணைந்துவிட்ட கட்டிகளுக்கானவை. வாங்கி வெறுமனே வெளிப்பட்டிருப்பது அந்த இணைவுக்குச் சான்றாகாது. ரெட் தடுப்பிகளின் நிலையும் அதுவே. சிகிச்சையை மாற்றாத ஒரு சாயத்துக்கு வரையறுக்கப்பட்ட ஆய்வுகூடப் பணத்தைச் செலவிடுவதைவிட, அதே பணத்தில் மேலும் நான்கு மட்டங்கள் வெட்டிக் கெரட்டின் சாயமிடுவது நோயாளிக்குப் பயன் தரும். இன்றுவரை எந்தவொரு மூலக்கூற்றுக் குறிகாட்டியும் மேற்சொன்ன இரு படிநிலைப் பகுப்புகளிலும் இடம்பெறவில்லை. நரம்பின் விட்டம் இடம்பெற்றிருக்கிறது. நுணுக்குக்காட்டியின் கண்வில்லையில் பொருத்தும் அளவுகோலால் அளக்கப்படுவது அது.

சிகிச்சை

அறுவை, கதிர்ச்சிகிச்சை, கதிர்ப்படவியல், நோயியல் பிரிவுகள் கூடிப் பேசி, நரம்பை அகற்றிப் பின் கதிர்ச்சிகிச்சை தருவதென முடிவாயிற்று. வடுவோடு சேர்த்து இடது கட்குழிக்கீழ் நரம்பு அதன் கால்வாய் வழியே பின்தொடரப்பட்டு, அறுவையின்போதே உறையவைத்துப் பார்க்கும் உறைநிலைச் சீவலில் கட்டியற்ற இடம் கிடைக்கும் வரை வெட்டப்பட்டது. அகற்றப்பட்ட நரம்பில் 11 மில்லிமீற்றர் நீளத்துக்குக் கட்டி இருந்தது. பின்முனையை நிரந்தரச் சீவலிலும் கெரட்டின் சாயமிட்டுச் சரிபார்த்தோம். உறைநிலைச் சீவலில் ஒற்றைக் கலங்கள் தப்பிவிடுவதுண்டு என்பதால் இப்படி இரண்டாம் முறை பார்ப்பது அவசியம்.

கதிர்ச்சிகிச்சை கண்டியில் வழங்கப்பட்டது: 60 கிரே, 30 தவணைகள், ஆறு வாரங்கள். கன்னத்தோடு நிறுத்தாமல் நரம்பின் பாதை மண்டையோட்டின் அடி வரை கதிர்ப்பரப்பில் சேர்க்கப்பட்டது. மருத்துவத் திட்டத்தைவிட ஆறு வாரத் தங்கலே கடினமாக இருந்தது. நுவரெலியாவிலிருந்து கண்டிக்கு எழுபத்தைந்து கிலோமீற்றருக்கு மேல் வளைந்திறங்கும் பாதையில் நாளாந்தம் போய்வர முடியாது; வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. உறவினர் வீடொன்று கட்டுகஸ்தோட்டையில் இருந்ததால் தவணை தவறவில்லை. அது இல்லாதிருந்தால் இந்த நிகழ்வின் முடிவு வேறாகியிருக்கக்கூடும்.

நிர்ப்பீடனச் சிகிச்சை பற்றியும் பேசப்பட்டது. அறுவைக்கோ கதிருக்கோ எட்டாத செதிட்கலத் தோற்புற்றுக்கு செமிப்லிமாப் என்னும் நிர்ப்பீடன மருந்து 2018 இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது; ஆபத்து மிக்க நோயாளிகளுக்கு அறுவை, கதிர்ச்சிகிச்சை இரண்டும் முடிந்த பிறகு அதைக் கொடுத்தால் நோய் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்பதை 2025 இல் வெளியான ஆய்வு காட்டியது. அதன் விலை எமது நோயாளியின் கைக்கு எட்டாதது. நோய் மீண்டால் அவ்வழியை மறுபடியும் ஆராய்வதென்று குறிப்பில் எழுதிவைத்தோம்.

பின்தொடர்தல்

சிகிச்சை முடிந்து இருபது மாதங்களாகின்றன. ஆறு மாதத்துக்கொருமுறை எம்.ஆர்.ஐ. எடுக்கப்படுகிறது, நரம்பின் எச்சமுனையில் புதிய ஒளிர்வு இல்லை, முகத்தசைகள் இயல்பாக இயங்குகின்றன. ஊர்வது போன்ற உணர்வும் பல்வலியும் போய்விட்டன, மரப்பு நிரந்தரம். மேலுதடு சூட்டை உணராததால் கொதிக்கும் தேநீரில் ஒருமுறை வெந்துபோனது. இப்போது கோப்பையை வலப்பக்கமாகச் சாய்த்துக் குடிக்கப் பழகியிருக்கிறார். தோட்ட நிருவாகம் எழுத்து மூலமான கோரிக்கையை ஏற்று அவரை மலையிலிருந்து எடுத்துப் தொழிலாளரின் குழந்தைகளைப் பராமரிக்கும் பிள்ளை மடுவத்தில் வேலைக்கு அமர்த்தியது.

முகத்துக் கட்டிகளுக்கான எமது அறிக்கை வடிவத்தில் நரம்புக்கென மூன்று நிரல்கள் இப்போது சேர்க்கப்பட்டுள்ளன: பரவல் உண்டா இல்லையா, மிகப்பெரிய நரம்பின் விட்டம் எவ்வளவு, அது கட்டிக்குள்ளா வெளியிலா. வெறுமையாக விடப்பட்ட படிவம் கையெழுத்துக்குப் போகாது. அனுப்பும் மருத்துவரிடமிருந்தும் ஒரு வரி கேட்கிறோம்: மரப்போ ஊர்வுணர்வோ இருந்ததா.

சகோதரரையும் வரவழைத்துப் பார்த்தோம். 41 வயதான அவர் மரக்கறித் தோட்டத்தில் வேலை செய்பவர். முகத்தில் உணர்வுக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் இரு காதுமடல்களிலும் நெற்றியிலும் வெயிலால் வரும் முன்புற்றுச் செதில்கள் ஐந்து இருந்தன. நான்கு உறைகுளிரால் அகற்றப்பட்டன. அடி தடித்திருந்த ஐந்தாவதை வெட்டி ஆய்வுக்கு அனுப்பினோம். மேற்றோலுக்குள் அடங்கிய புற்று என்று வந்தது, ஓரங்கள் தூய்மையாக இருந்தன. நான்கு மாதத்துக்கொருமுறை வரும்படி அவருக்குத் திகதி கொடுக்கப்பட்டுள்ளது.